தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடம் போறீங்களா, முதல் ரவுண்டுல போர்டு படிக்காதீங்க

முதல்லயே சொல்லிடுறேன், நான் ஆர்ட் படிச்சவன் கிடையாது. பாபநாசம் பக்கம் ஒரு உரக்கடையில கணக்கு எழுதுறேன். வருஷத்துக்கு மூணு நாலு தடவை தஞ்சாவூர் அரண்மனைல இருக்குற கலைக்கூடத்துக்கு போய் சும்மா நின்னுட்டு வருவேன், கடையில கேட்டா "அங்க என்னப்பா இருக்கு, எல்லாம் சாமி சிலைதானே, நம்ம ஊர்ல இல்லாததா"ன்னு சிரிப்பாங்க. அந்த கேள்வி எனக்கும் இருந்துச்சு. அதுக்கு பதில் தேடித்தான் போக ஆரம்பிச்சேன்னு கூட சொல்லலாம். இப்ப புதுசா போறவங்களுக்கு, முக்கியமா "எனக்கு கலையெல்லாம் புரியாதுங்க"ன்னு சொல்றவங்களுக்கு, எப்படி போகணும் எப்படி பாக்கணும் நமக்கு எது புடிக்குதுன்னு எப்படி கண்டுபுடிக்கணும்னு நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டத எழுதுறேன்.

டெல்டாக்காரங்களுக்கு இதுல ஒரு தனி சிக்கல் இருக்கு. பொறந்ததுல இருந்து இந்த உலோக சிலைங்களை பாத்துக்கிட்டேதான் இருக்கோம், ஆனா உண்மையில பாத்ததே இல்ல. யோசிச்சு பாருங்க, உற்சவர் வீதிக்கு வரும்போது பட்டு, மாலை, கவசம், நகை எல்லாம் போட்டு வருவாரு, நமக்கு தெரியறது மூஞ்சி மட்டும்தான், அதுவும் சந்தனக்காப்புன்னா அதுவும் இல்ல. அபிஷேகத்துல ஒரு நிமிஷம் பால் வழியறப்ப தோள் தெரியும், உடனே திரை. முதுகு எப்படி இருக்கும்னு நம்மள்ல யாராவது பாத்துருக்கோமா? அதனால நமக்கு சிலை புடிச்சுதா, இல்ல அலங்காரம், நாதஸ்வரம், சூடா கெடைச்ச சக்கரைப்பொங்கல் எல்லாம் சேர்ந்து புடிச்சுதான்னு பிரிக்கவே முடியாது. கலைக்கூடத்துல அதே சிலை துணி இல்லாம, மாலை இல்லாம, வெறும் செம்பா நிக்குது. அங்கதான் முதல் தடவையா நம்ம கண்ணு தனியா வேலை செய்யணும்.

சரி கிளம்புறதுக்கு முன்னாடி. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுல இருந்து அரண்மனை நடக்குற தூரம்தான். உள்ள கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகம், கோபுரம், தர்பார் மண்டபம்னு நிறைய இருக்கு, எந்த டிக்கெட்ல எது அடங்கும்னு கவுண்டர்லயே கேட்டுக்குங்க, செல்போன்ல படம் எடுக்கலாமா கூடாதான்னும் கேட்டுடுங்க, பின்னாடி வாக்குவாதம் வேணாம். சித்திரை வைகாசில போறதா இருந்தா காலையில திறக்கறப்பவே போயிடுங்க. ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன், வெள்ளை சட்டை போட்டுட்டு போகாதீங்க. உலோக சிலை நிறைய கண்ணாடிக்குள்ள இருக்கு, வெள்ளை சட்டையோட நின்னா கண்ணாடில உங்க சட்டைதான் தெரியும், பின்னாடி இருக்குற சோழர் காலம் தெரியாது. கருநீலம், கறுப்பு, அடர் பச்சை ஏதாவது போடுங்க. ரெண்டு மூணு தடவை வெள்ளை சட்டையோட போய் என் தொப்பையை நானே பாத்துட்டு வந்தப்புறம் கத்துக்கிட்ட பாடம்.

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வேணும். போன்ல எழுதலாமேன்னு கேக்காதீங்க, போனை எடுத்தா வாட்ஸ்அப் வரும், வந்தா போச்சு.

முதல் ரவுண்டு

முதல் ரவுண்டுல எந்த போர்டும் படிக்க கூடாது, யார் கூடவும் பேச கூடாது, படம் எடுக்க கூடாது. சும்மா கல்யாண மண்டபத்துல சொந்தக்காரங்கள தேடுற மாதிரி நடந்துட்டே போங்க. கால் எங்கயாவது தானா நிக்கும். அந்த இடத்தை மட்டும் நோட்டுல குறிச்சுக்குங்க, "மூணாவது கேஸ், ஒல்லியா நிக்கிற ஆளு"ன்னு எழுதினா கூட போதும். ஏன் போர்டு படிக்க வேணாங்கறேன்னா, படிச்ச உடனே "பத்தாம் நூற்றாண்டா, அப்ப பெரிய விஷயம்தான்"னு மனசு தலையாட்டிடும், அதுக்கப்புறம் புடிச்சுதா புடிக்கலயான்னு கண்டுபுடிக்கவே முடியாது. ஜவுளிக்கடையில விலைச்சீட்ட மொதல்ல பாத்துட்டு புடவை எடுக்குற கதைதான்.

நான் அஞ்சாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வந்தாங்க. "கையை கட்டிக்கிட்டு வரிசையா போங்க"ன்னு வாத்தியார் பின்னாடியே வந்தாரு, மொத்தம் இருபது நிமிஷம் இருந்துருப்போம், எனக்கு ஞாபகம் இருக்கறது அரண்மனைல வெச்சிருக்குற திமிங்கல எலும்புக்கூடு மட்டும்தான். அதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன், அன்னைக்கு என் கால் நின்ன இடம் அதுதான்.

எங்க அத்தையும் மாடும்

எங்க அத்தைய திருவெண்காடு பக்கம் கட்டிக்குடுத்தது. ஒரு தடவை கண்ணு ஆஸ்பத்திரிக்கு தஞ்சாவூர் வந்தவங்கள அப்படியே கலைக்கூடத்துக்கு கூட்டிட்டு போனேன். ரிஷபவாகன தேவர் சிலை முன்னாடி வந்ததும் போர்டுல ஊர் பேரை நான்தான் படிச்சு சொன்னேன், அவ்ளோதான், செருப்பை கழட்டி ஓரமா வெச்சுட்டாங்க. வாட்ச்மேன் அண்ணன் "பரவால்ல பாட்டி போட்டுக்குங்க"ன்னாரு, அத்தை காதுலயே வாங்கல.

"தம்பி, இது எங்க ஊர் சாமிடா. இங்க ஏன்டா ஒத்தையில நிக்குது?"

"ஒத்தை இல்ல அத்தை, பக்கத்துல அம்மன் இருக்காங்க பாருங்க."

"மாடு எங்கடா?"

"மாடு கெடைக்கல அத்தை."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, "அதான் கை அப்படியே நிக்குது."

அதுக்கு முன்னாடி நான் அந்த சிலைய நாலு தடவையாவது பாத்துருப்பேன். ஒரு காலை ஊன்றி இன்னொரு காலை தளர விட்டு, பாம்பையும் சடையையும் சேர்த்து தலப்பா மாதிரி சுத்திக்கிட்டு சிவன் நிப்பாரு, ஒரு கை மட்டும் அந்தரத்துல மடங்கி எது மேலயோ சாஞ்ச மாதிரி இருக்கும். சாஞ்சிருந்த மாடு இல்ல. திருவெண்காட்டுல 1950கள் தொடக்கத்துல பூமிக்கு அடியில இருந்து எடுத்த சிலைங்கள்ல இது ஒண்ணு, கல்வெட்டு கணக்குப்படி 1011ல செஞ்சது, அம்மன் 1012. பெரிய கோயில் முடிஞ்சது 1010ன்னா அதுக்கு அடுத்த வருஷம்! இந்த வருஷக்கணக்கெல்லாம் எனக்கு மனப்பாடமா தெரியும், ஆனா அந்த கை மாடு இல்லாம நிக்கிற கைன்னு அத்தை சொன்னப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு. வயல் வரப்புல மாட்டு மேல கையை போட்டுட்டு நின்னு பேசுற ஆளை பாத்தவங்களுக்கு அந்த மணிக்கட்டு உடனே புரியும். இப்ப நான் போனா முதல்ல அந்த கையத்தான் பாக்குறேன்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்ட வழி என்னன்னா, முடிஞ்சா உங்கள விட வயசானவங்க ஒருத்தரையோ, சின்ன புள்ளையையோ கூட்டிட்டு போங்க. அவங்களுக்கு "பெருமையா பாக்கணும்"ங்கற பயம் கிடையாது.

ரெண்டாவது ரவுண்டுல எழுதுறது

கால் நின்ன மூணு நாலு சிலைக்கு திரும்பி போங்க. ஒவ்வொண்ணு முன்னாடியும் அஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷம் சின்னதா தெரியும், நின்னு பாத்தா ரெண்டாவது நிமிஷத்துலயே போரடிக்கும், மூணாவது நிமிஷத்துல வெளிய போலாமான்னு தோணும், நாலாவதுல தான் ஏதாவது தெரிய ஆரம்பிக்கும். எழுதும்போது ஒரே ஒரு சட்டம், அழகு, அருமை, தத்ரூபம், தெய்வீகம் இந்த நாலு வார்த்தையும் எழுதக்கூடாது. இந்த நாலையும் எடுத்துட்டா மனுஷனுக்கு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாம போயிடும், அப்பதான் உண்மையா பாப்போம். தோள், முட்டி, விரல், தொப்புள், காது இப்படி உடம்பு பேரை எழுதுங்க. என் நோட்டுல கல்யாணசுந்தரர் பத்தி இப்படி இருக்கு: "பார்வதி தலை கொஞ்சம் கீழ. கையை குடுத்துட்டா, ஆனா உடம்பு இன்னும் குடுக்கல. லட்சுமி பின்னாடி இருந்து லேசா தள்ளுறா, போடின்னு." அதுவும் திருவெண்காடுதான், நாலு உருவம், சிவன் பார்வதி கையை புடிக்க, விஷ்ணு தாரை வார்த்து குடுக்க, லட்சுமி தோழியா நிக்கிறது. நம்ம ஊர் கல்யாணத்துல மணமேடைல பொண்ணை பின்னாடி நின்னு நகர்த்தி விடுற சின்னம்மா யாராவது இருப்பாங்கல்ல, அந்த கைதான்.

நேரா மட்டும் நிக்காதீங்க, பக்கவாட்டுல போய் எட்டி பாருங்க. சில சிலைக்கு தலைக்கு பின்னாடி சின்ன சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்கு சிரச்சக்கரம்னு பேரு, கோயில்ல மாலை மறைச்சுடும். சடை பின்பக்கம் சுருள் சுருளா விழுறது தெரியும். பீடத்துல ஓட்டையோ வளையமோ இருந்தா அது தூக்கிட்டு போறப்ப கம்பு கட்டறதுக்கு, அப்ப இது வீதி உலா போன சாமி. மூஞ்சி வழவழன்னு தேய்ஞ்சிருந்தா நூத்துக்கணக்கான வருஷம் அபிஷேகம் பண்ணி துடைச்சு துடைச்சு மூக்கு கரைஞ்சிருக்கலாம்.

இந்த தேய்ஞ்ச மூஞ்சி விஷயத்துலதான் எனக்கு என் ருசி கொஞ்சம் பிடிபட்டுச்சு. நோட்டை வீட்ல உக்காந்து பொரட்டினப்ப, நான் நின்ன இடம் பாதிக்கு மேல ஏதோ ஒண்ணு தேய்ஞ்சதோ காணாம போனதோ. மாடு இல்லாத கை, மூக்கு கரைஞ்ச அம்மன், விரல் உடைஞ்ச கல்லு. எங்க வீட்டு அம்மிக்கல் நடுவுல குழிஞ்சிருக்கும், சின்ன வயசுல அதை தடவிக்கிட்டே இருப்பேன், ஒருவேளை அங்க இருந்து வந்துச்சோ என்னமோ.

புடிக்கலன்னா புடிக்கலன்னு எழுதுங்க

இது ரொம்ப முக்கியம், நம்ம ஊர்ல இதுக்குத்தான் பயப்படுவாங்க, சாமி குத்தம் ஆயிடுமோன்னு. நான் ஒத்துக்கறேன், நடராஜர் எனக்கு ரொம்ப நாள் மனசுல ஒட்டல. ரோதான்னு ஃபிரெஞ்சு சிற்பி திருவாலங்காடு நடராஜரை (அது இப்ப சென்னை எழும்பூர் மியூசியத்துல இருக்கு) போட்டோவுல மட்டும் பாத்துட்டு 1913லயே உருகி உருகி எழுதியிருக்காரு. உலகமே கொண்டாடுது, எனக்கு ஏன் ஒட்டலன்னு வெக்கமா இருந்துச்சு. மூணு தடவை போய் நின்னப்புறம்தான் காரணம் மாதிரி ஒண்ணு தோணுச்சு, அந்த திருவாசி வட்டம். சுத்தி வேலி போட்ட மாதிரி எல்லாம் உள்ளுக்குள்ளயே முடிஞ்சு போயிடுது, நமக்கு உள்ள நுழைய இடம் இல்ல. ஆஹா கண்டுபுடிச்சுட்டோம், நமக்கு வட்டம் கட்டினது புடிக்காதுன்னு நோட்டுல அடிக்கோடு போட்டு எழுதினேன்.

அடுத்த ரவுண்டுலயே அது பொய்யா போச்சு. தாராசுரத்துல இருந்து கொண்டு வந்த கஜசம்ஹாரமூர்த்தி கல்லுல இருக்கு, யானையை உரிச்சு அந்த தோலை தனக்கு பின்னாடி விரிச்சு புடிச்சுக்கிட்டு சிவன் ஆடுறது. அங்கயும் சுத்தி வளைவுதான், யானைத்தோல் வளைவு. ஆனா எனக்கு உசுரு. இடுப்புல ஒரு முறுக்கு இருக்கு பாருங்க, ஈரத்துணிய புழியற மாதிரி, கல்லுல எப்படிய்யா அதை கொண்டு வந்தான்னு ஒவ்வொரு தடவையும் வாயை பொளந்துட்டு நிப்பேன். அப்ப வட்டம் பிரச்சனை இல்ல. வேற என்ன? இன்னும் தெரியல. இப்படி ஒரு காரணம் எழுதி அதை இன்னொரு சிலை வந்து உடைக்கணும், உடைஞ்சா சந்தோஷப்படுங்க, நோட்டு வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

கூடவே அடக்கமாவும் இருக்கணும். கும்பகோணம் பக்கம் சிவபுரத்து நடராஜர் கதை கேள்விப்பட்டிருப்பீங்க, ரிப்பேருக்குன்னு குடுத்த சிலைக்கு பதிலா நகல் திரும்பி வந்துச்சு, அசல் அமெரிக்கா வரைக்கும் போயிடுச்சு. 1960கள்ல வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் ஒருத்தர் எழுதினப்புறம்தான் விஷயமே வெளிய வந்துச்சு, அசல் நாடு திரும்புனது 1986ல. அந்த நகலை கும்பிட்ட சனங்கள்ல நானும் ஒருத்தனா இருந்திருந்தா எனக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. நமக்கு புடிக்கறது வேற, அசல் நகல் சொல்ற அறிவு வேற, ரெண்டையும் போட்டு கொழப்பிக்க வேணாம்.

பக்கத்து பக்கத்துல வெச்சு பாக்குறது

இந்த வளாகத்துல ஒரு பெரிய வசதி, பத்து நிமிஷ நடையில எட்டு நூறு வருஷம் தாண்டலாம். சோழர் செம்பு பாத்த கண்ணோட நாயக்கர் தர்பார் மண்டபத்துக்கு போங்க, கலரும் சுதையுமா இருக்கும். அங்கயே சரபோஜி மன்னர் வெள்ளை சலவைக்கல்லுல கை கூப்பிக்கிட்டு நிப்பாரு, லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன் செஞ்சது. ரெண்டையும் மாத்தி மாத்தி பாருங்க. சோழ சிலைல துணி உடம்போட ஒட்டி, எங்க துணி முடியுது எங்க தோல் ஆரம்பிக்குதுன்னு தெரியாது, கோடு மட்டும் ஓடும். ஃப்ளாக்ஸ்மன் கிட்ட துணி துணியாவே வெயிட்டா விழும். எது உசத்தின்னு நான் பஞ்சாயத்துக்கு வரல, உங்க கண்ணு எந்த பக்கம் திரும்பி திரும்பி போகுதுன்னு மட்டும் பாருங்க. என் கூட்டாளி ஒருத்தன் வந்தான், சோழர் பக்கம் கொட்டாவி விட்டான், சரபோஜி முன்னாடி கால்மணி நேரம் நின்னான். "இவர் ஒருத்தர்தான்டா மனுஷன் மாதிரி இருக்காரு"ன்னான். சரியான பதில்தானே.

தஞ்சாவூர் பெயின்டிங் பத்தி சுருக்கமா. பலா மரப்பலகை, மேல துணி, சுண்ணாம்பு பசை, கல்லு ஒட்டி தங்கரேக்கு. எனக்கு தங்கம் ஜாஸ்தியானா கண்ணு வழுக்கிட்டு போயிடுது, நிக்க மாட்டேங்குது. ஆனா எங்க வீட்டு பூஜை ரூம்ல வெண்ணெய் கிருஷ்ணன் இருக்கு, அதை யாராவது கழட்ட சொன்னா சண்டைக்கு போவேன். அதே மாதிரிதான் காலண்டர் சாமி படம். கோவில்பட்டி கொண்டையராஜு பாணில ரோஸ் கலர் கன்னத்தோட வர்ற லட்சுமி, சரஸ்வதி, நம்மள்ல பாதி பேருக்கு சாமி மூஞ்சின்னா இதுதான், சோழர் மூஞ்சி இல்ல. சோழ அம்மன் மூஞ்சி முதல்ல "வெறுமையா" தெரிஞ்சா அதுக்கு காரணம் இந்த காலண்டர் பழக்கமா இருக்கலாம், அதையும் நோட்டுல எழுதுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

இன்னொரு அரை நாள் இருந்தா

தஞ்சாவூர்ல இருந்து கும்பகோணம் போற வழில திருவலஞ்சுழி பக்கம் திரும்பினா சுவாமிமலை. ஸ்தபதிங்க பட்டறைல கேட்டுட்டு போய் நில்லுங்க, வேலை நேரத்துல தொந்தரவு பண்ணாம. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் புடிக்கறாங்க, அளவுக்கு தென்னை ஓலை கீத்தை மடிச்சு மடிச்சு வெச்சிருப்பாங்க. மெழுகு மேல காவேரி வண்டல் மண்ணு பூசி, காய வெச்சு, கம்பி கட்டி, சுட்டா மெழுகு உருகி ஓடிடும், அந்த காலியான இடத்துல உலோகம் ஊத்துறது. ஆறினப்புறம் மண்ணை உடைக்கணும், அதனால ஒரு அச்சுல ஒரு சிலைதான். கடைசியில உளி வேலை, கண் திறப்பு. இதை ஒரு தடவை பாத்துட்டு திரும்ப கலைக்கூடம் போனா பார்வை மாறிடும், ஒவ்வொரு நகையும் ஒவ்வொரு மடிப்பும் முதல்ல மெழுகுல ஒருத்தர் விரல்ல இருந்து வந்ததுன்னு தெரியும். எனக்கு அந்த சுவாமிமலை புது சிலை பளபளப்பு புடிக்கல, ஆனா பாதி முடிஞ்ச மெழுகு உருவம் ரொம்ப புடிச்சுது, தேன் கலர்ல, மூஞ்சி இன்னும் வராம. திரும்பவும் பாருங்க, இன்னும் முழுசா முடிக்காதது!

பெரிய கோயில் பக்கத்துலதான் இருக்கு, சொல்ல வேண்டியதில்ல. கருவறைய சுத்துற உள் பாதைல இருக்குற சோழர் ஓவியம், 1931ல நாயக்கர் பூச்சுக்கு அடியில இருந்து தெரிய வந்தது, பொதுவா நம்மள உள்ள விட மாட்டாங்க, வளாகத்துல படம் வெச்சிருக்குற கூடத்துல பாத்துக்கலாம். படத்துல பாக்குறது எனக்கு பாயசத்தை சமையல் குறிப்புல படிக்கிற மாதிரி, அதனால வேகமா தாண்டிடுவேன்.

வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு வாரம் நோட்டை தொடாதீங்க. ஒரு வாரம் கழிச்சு, திறக்காமலே, ஞாபகம் இருக்குற சிலைய ஒரு தாள்ல வரைஞ்சு பாருங்க, கோணலா வந்தா வரட்டும். நான் வரைஞ்ச ரிஷபவாகனர் பாத்தா எங்க பொண்ணு "அப்பா இது யாரு பஸ்ஸுக்கு நிக்கிறாரா"ன்னு கேட்டா. கை மட்டும் சரியா வந்துருந்துச்சு.

அடுத்து எனக்கு திருவாரூர். தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்துல முசுகுந்தன்னு ஒரு ராஜாவோட கதை ஓவியம், கீழ தமிழ்லயே எழுத்து இருக்கு, அங்க மட்டும் போர்டு படிக்க கூடாதுங்கற என் சட்டம் செல்லாது, எழுத்தே படத்தோட சேர்ந்ததுதான். அண்ணாந்து பாத்து போன தடவை கழுத்து புடிச்சுக்கிச்சு, ரெண்டு நாள் கடையில பேரேட்டை குனிஞ்சு எழுத முடியல. இந்த தடவை தோள்ல ஒரு துண்டு எடுத்துட்டு போறேன், மடிச்சு பின்னங்கழுத்துக்கு குடுத்து ஏதாவது தூண்ல சாஞ்சுக்கலாம்.